வந்து சொன்னதும் சொல்லிவிட்டதும்

எங்கள் குடும்பச் சங்கத்தின் இரண்டு நாள் ஒன்றுகூடல் இந்த முறை இரணைமடுக் குளக்கட்டில் நடக்கும் என்று சித்தப்பா கொழும்பிலிருந்து அறிவித்தபோது, அம்மா கேட்ட முதல் கேள்வி பெரிய மச்சாள் வருவாரோ என்பதுதான். பெரிய மச்சாள் என்றால் அப்பாவின் மூத்த அக்கா, எனக்கு மாமி. அவரும் வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா மிளகாய் வறுத்துத் தூள் இடிக்கத் தொடங்கிவிட்டார். ஒன்றுகூடலுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

சித்தப்பா அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. கொழும்பில் கந்தோர் உத்தியோகம். நாலு சொந்தக்காரரை ஓரிடத்தில் கண்டால் தலைவர், செயலாளர் தெரிவு செய்யாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. அப்படிப் பிறந்ததுதான் எங்கள் சங்கம். முன்பெல்லாம் குடாநாட்டில் யாராவது ஒருவரின் வளவில் பந்தல் போட்டு, சாப்பிட்டு, யார் வீட்டில் யாருக்குக் கலியாணம் பேசலாம் என்று ஆராய்ந்துவிட்டுக் கலைவார்கள். இந்த முறை பிள்ளைகளுக்கு இயற்கைக் காட்சி காட்ட வேண்டுமாம். இயற்கைக் காட்சி என்று அவர் சொன்னது எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிற குளத்தை. நாங்கள் தினமும் மிதிக்கிற சேறு கொழும்பாருக்குக் காட்சியாகிவிட்டதே என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் படிப்பை முடித்து வீட்டில் நின்றேன். வாய் கொஞ்சம் நீளமான பெட்டை என்று பெயர் எடுத்திருந்தேன்.

குடாநாட்டிலிருந்து நாங்கள் வன்னிக்கு வந்தது நான் சிறு பிள்ளையாக இருந்தபோது. அப்பாவுக்கு அரசாங்கக் குடியேற்றத்தில் காணி கிடைத்தது. ஊரில் பங்கு பிரித்துப் பிரித்து ஒரு வாழைக்குலை பழுக்க வைக்கக்கூட இடமில்லாமல் போன வளவிலிருந்து வந்தவருக்கு ஏக்கர் கணக்கில் நிலம் என்றால் சும்மாவா. ஆனால் வெளிக்கிட்ட அன்று மாமி வாசல் படலையில் நின்று, "உவள் என்ர தம்பியைக் காட்டுக்குக் கொண்டு போறாள்" என்று சொன்னாராம். காணிக்கு விண்ணப்பித்தது அப்பா. அம்மா அழுதுகொண்டு பின்னால் போனவர். பழி மட்டும் அம்மாவின் தலையில் விழுந்தது.

அந்தச் சொல் அம்மாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. காடு வெட்டினார்கள், காய்ச்சலில் கிடந்து எழும்பினார்கள், பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்தார்கள். மண்வீட்டில் பல வருடம் இருந்து, கடைசியில் நெல் விற்ற காசில் கல்வீடு ஒன்று எழுப்பினார்கள். குடிபூரலுக்கு, அதாவது புதுவீடு புகும் நாளுக்கு, மாமி கட்டாயம் வரவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அக்காவுக்குச் சொல்லியாச்சோ என்று அப்பாவிடம் கேட்டார். சொல்லியாச்சு என்றார் அப்பா. மாமி வரவில்லை. பால் பொங்கி வழிந்தபோது எல்லோரும் மகிழ்ந்து நிற்க, அம்மா வீட்டுக்கு வரும் ஒழுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அம்மா மாமியின் படலையை மிதிக்கவில்லை. அப்பா மட்டும் ஊருக்குப் போனால் அக்கா வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவார். இரண்டு வீட்டுக்கும் கொண்டாட்டம் இல்லை, போக்குவரவு அறுந்துவிட்டது என்று சொந்தத்துக்குள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்வார், மிகவும் அலட்சியமாக. இப்போது மிளகாய்த்தூளை அரித்தபடி என்னிடம் சொன்னார்: "அவா என்ர கையால ஒரு வாய் சாப்பிட்டாக் காணும் எனக்கு, அது போதும்." கண் கலங்கியதற்கு மிளகாயைக் குறை சொன்னார்.

சித்திரை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஒன்றும் லொறி ஒன்றும் பரந்தனைத் தாண்டி வந்து சேர்ந்தன. குளக்கட்டின் அருகே மரநிழலில் ஒரு பழைய பங்களா இருந்தது. சித்தப்பா யாரையோ பிடித்து அதை எடுத்திருந்தார். பஸ்சிலிருந்து இறங்கியவர்களில் பாதிப்பேர் நிலத்தைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்கள், பாம்பு இருக்குமாம். பிள்ளைகள் யானை எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றதும் ஏமாந்துபோய் முதலையாவது இருக்கிறதா என்றார்கள். வெள்ளைச் சேலையும் கையில் கோரைப் பன்பையுமாக மாமி கடைசியாக இறங்கினார். அம்மாவைக் கண்டு, "சுகமாய் இருக்கிறீரோ" என்றார். அம்மா, "ஓம் மச்சாள்" என்றார். அத்தோடு இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

லொறியிலிருந்து இறங்கிய சாமான்களை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரிசி, காய்கறி, தேங்காய், சமையல்காரர் ஒருவர், பெரிய கிடாரங்கள். அவற்றுக்குப் பின்னால் நாலு பேர் தம்பிடித்து உருட்டி இறக்கிய இரண்டு பீப்பாய்கள். உள்ளே என்ன என்று அப்பா கேட்டார். தண்ணீர் என்றார் சித்தப்பா. ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றில் அள்ளியதாம். வன்னித் தண்ணீர் குடித்தால் காய்ச்சல் வரும், சங்கத்துக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்று விளக்கினார். அவருக்குப் பின்னால் குளம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிறைந்து கிடந்து அலையடித்தது. ஊரில் கோடைக்குக் கிணறு வற்றினால் துலாவில் வாளி தட்டத் தட்டக் காத்திருக்கிற சனம், சமுத்திரம் போன்ற குளத்துக்குத் தண்ணீர் சுமந்து வந்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். அம்மா என் கையில் கிள்ளினார். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. சமையல்காரரும் அரிசியும் தண்ணீரும்கூட வந்துவிட்டால் அம்மாவின் கைக்கு அங்கே என்ன வேலை?

சித்தப்பா தகரக் குழாய் ஒன்றை வாயில் வைத்து, இப்போது தேநீர் வழங்கப்படும் என்று அறிவித்தார். தேத்தண்ணீர் வந்தது. முதல் வாய் குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வயதான பெரியப்பா ஒருவர் மரியாதைக்காக விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். ஒரு சின்னப் பெண் மட்டும் உண்மையைச் சொன்னாள், தேத்தண்ணீர் விளக்கு மணக்குதாம். விசாரித்தால், பீப்பாய்கள் முன்பு மண்ணெண்ணெய் வந்த பீப்பாய்கள். நன்றாகக் கழுவித்தான் நிறைத்தது, கொதித்தால் மணம் போய்விடும் என்று சித்தப்பா சாதித்தார். அதற்குள் சமையல்காரர் அதே தண்ணீரில் உலையேற்றி அரிசியும் போட்டுவிட்டார். சோறு வெந்து வந்தபோது நெருப்புக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோகப் பயமாக இருந்தது.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பத்து வருடத்து மகிழ்ச்சி இருந்தது. அப்பா மாட்டுவண்டிலைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வந்தது, புது நெல்லுக் குத்திய அரிசி வந்தது, தூள் வந்தது, பனையோலைப் பெட்டி நிறையக் கத்தரிக்காயும் பூசணிக்காயும் வந்தன. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பண்டை போனார். சமையல்காரர் மறுபேச்சில்லாமல் தேங்காய் துருவ உட்கார்ந்தார். குளத்தில் வலைபோட்டவரிடம் வாங்கிய விரால் மீன் தனிச்சட்டியில் கொதித்தது. மாமி சனிக்கிழமை மச்சம் தொடமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் மரக்கறிக்குப் புதுச்சட்டிகள் எடுத்து, மீன் சட்டிக்கும் அதற்கும் முட்டுப்படாமல் வேறு அடுப்பு மூட்டியிருந்தார்.

குளத்து மீன் சேறு மணக்கும் என்று மூக்கைச் சுளித்தவர்கள் குழம்பு வாசம் எழுந்ததும் கட்சி மாறினார்கள். எருமைத் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினால் தயிர் விழாது, அப்படி உறைந்திருந்தது. காய்ச்சல் பயத்தில் இருந்த சித்தப்பா மூன்றாம் முறை சோறு வாங்கியபோது, சங்கத்தின் பொறுப்பு என்னவாயிற்று என்று நான் கேட்டேன். அவர் காதில் விழாததுபோல மீன்முள்ளைத் தேடினார்.

மாமிக்கு அம்மா தன் கையால் இலை போட்டார். மரக்கறிதான் மச்சாள், புதுச்சட்டியில் சமைத்தது என்று மெல்லச் சொன்னார். மாமி இலையை ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு விரதம். பழம் காணும்" என்றார்.

சனி விரதக்காரர் ஒருநேரம் சோறு சாப்பிடுவார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மாமி வாழைப்பழம் இரண்டை உரித்துச் சாப்பிட்டார். அம்மா அந்த இலையை அப்படியே எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அன்று எல்லோரும் அம்மாவின் சமையலைப் புகழ்ந்தார்கள். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. பொழுதுபடமுதல் அப்பாவோடு வண்டிலில் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மச்சாள்மாரோடு பங்களாவில் தங்கினேன். எனக்கு வந்த கோபத்தில் மாமியோடு பேசவே கூடாது என்று இருந்தேன்.

அந்த வைராக்கியம் விடிகிற வரைதான். ஞாயிறு காலை மாமி குளக்கட்டில் தனியாக நடப்பதைக் கண்டேன். கால் தானாகப் போனது. சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"மாமி, அம்மாவில உங்களுக்கு என்ன கோபம்?"

மாமி நின்று என்னைப் பார்த்தார். "கொம்மாவில எனக்கென்ன கோபம்? சொல்லாத வீட்டுச் சோத்தை நான் ஏன் தின்னவேணும்?"

"குடிபூரலுக்குச் சொன்னதுதானே."

"ஆர் சொன்னது? வைக்கல் லொறிக்காரன் சொன்னவன். படலையடியில லொறியை நிப்பாட்டக்கூட இல்லை. 'தம்பியார் வீடு குடிபூருறாராம், வரட்டாம்' எண்டு கத்திப்போட்டுப் போனவன். அவன் நான் தூக்கி வளர்த்த தம்பி, பிள்ளை. எனக்கு வைக்கல் லொறியில சொல்லிவிடுறான்."

சொல்லும்போது மாமியின் குரல் உடைந்தது. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. எங்கள் ஆட்களிடம் சொல்வது வேறு, சொல்லிவிடுவது வேறு. நல்ல காரியம் என்றால் புருஷனும் பெண்சாதியுமாக வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து, கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து, இன்ன நாள் இன்ன காரியம் நீங்கள் வந்து நிற்கவேண்டும் என்று சொல்லவேண்டும். அதுதான் சொல்வது. ஆள் மூலம் அனுப்புவது சொல்லிவிடுவது. அது மேசனுக்கும் கூலிக்காரருக்கும். கூடப்பிறந்த அக்காவுக்கு அப்படிச் செய்தால் வராதே என்று சொன்ன மாதிரி. இந்த ஒன்றுகூடலுக்கு மாமி வந்ததும் சித்தப்பா நேரில் போய்ச் சொன்னதால்தான். சங்கத்துச் சோறு என்றால் சாப்பிட்டிருப்பார். தம்பி வீட்டு அரிசி என்றதும் இலையை ஒதுக்கிவிட்டார்.

"பேந்து ஏன் மாமி நீங்கள் அப்பாவிட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டு வாங்கிறதோ உது?" என்றார் மாமி.

நான் யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அம்மா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அம்மா மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா மாட்டுக்கு வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்தார், கையில் இருந்தது அதுதான் என்பது அவருடைய கெட்டகாலம்.

"நீங்கள் போய்ச் சொல்லேல்லையே?" என்றார் அம்மா.

சொல்லியாச்சு என்று சொன்னேன்தானே என்று அப்பா முணுமுணுத்தார். மேசன் வேலை முடியவில்லை, வயலில் தண்ணீர் நின்றது, லொறிக்காரன் அந்த வழியால் போகிறவன், சொந்த அக்காதானே என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அம்மா சண்டை பிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் நெல்லுக்கு நடுவே அப்படியே குந்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தன்னை மதியாமல்தான் மச்சாள் வரவில்லை என்று இத்தனை வருடம் உள்ளுக்குள் புழுங்கியவர். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து அப்பாவைப் பார்த்து, வேட்டியை மாத்துங்கோ என்றார்.

அம்மா கலியாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டினார். அப்பாவின் தோளில் சால்வை ஏறியது. தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம் வைத்து, வண்டிலில் மூவரும் குளக்கட்டுக்குப் போனோம். அங்கே சாக்கோட்டம் நடந்துகொண்டிருந்தது. கொழும்பு மாமா ஒருவர் சாக்கோடு உருண்டு கிடந்தார். சால்வையும் தட்டமுமாக இவர்கள் வருவதைக் கண்ட சித்தப்பா, தனக்குத்தான் மரியாதை செய்ய வருகிறார்களாக்கும் என்று தகரக் குழாயை வைத்துவிட்டுத் தலைமயிரை ஒதுக்கினார். அவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். மாமி மரத்தடியில் கதிரையில் இருந்தார். அப்பா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். அம்மாதான் தட்டத்தை நீட்டினார்.

"மச்சாள், நாங்கள் வீடு கட்டியிருக்கிறம். நீங்கள் வந்து நிக்கவேணும்."

சாக்குக்குள் நின்றவர்களும் அசையாமல் நின்றார்கள். மாமி தட்டத்தைப் பார்த்தார், அப்பாவின் சால்வையைப் பார்த்தார்.

"எப்ப?"

"இண்டைக்கு மத்தியானம்."

"ஆர் ஆருக்குச் சொல்லியிருக்கிறியள்?"

"உங்களுக்கு மட்டுந்தான்" என்றார் அம்மா.

மாமி தட்டத்தைத் தொட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். சித்தப்பா குழாயை எடுத்து அடுத்தது கரண்டியில் தேசிக்காய் ஓட்டம் என்று கத்தினார்.

மத்தியானம் அப்பாவே வண்டில் ஓட்டிப் போய் மாமியை அழைத்துவந்தார். வாய்க்கால் ஓரமாக வரும்போது மாமி அறுவடை முடிந்த வயல்களையும் மாமரங்களையும் பார்த்துக்கொண்டு வந்தாராம், இது ஆர் நட்டது, அது ஆர் வெட்டினது என்று கேட்டாராம். ஒவ்வொன்றுக்கும் அப்பா அம்மாவின் பெயரைச் சொன்னாராம். அது முழுக்க உண்மையில்லை. அப்பாவும்தான் முதுகு முறிந்தவர். அன்றைக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறது அவருக்கு.

வாசற்படியில் மாமி நின்றுவிட்டார். உள்ளே காலை வைக்கவில்லை. அம்மாவின் முகத்தில் பயம் வந்ததைக் கண்டேன். மாமி பன்பைக்குள் கையை விட்டு, பழஞ்சீலைத் துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தார். "குடிபூரின வீட்டுக்கு வெறுங்கையோட வாறதே" என்று அம்மாவிடம் நீட்டினார்.

பித்தளைச் செம்பு. நல்ல கனம். கழுத்தைச் சுற்றிப் பெயர் வெட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் கொடுக்கிற பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுக்கமாட்டார்கள். வெட்டின எழுத்துக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அம்மா வெளிச்சத்துக்குத் திருப்பி எழுத்துக் கூட்டினார். அது அப்பாவின் பெயர் இல்லை. மாமியின் பெயரும் இல்லை. அம்மாவின் பெயர், முழுப் பெயர்.

அம்மா அதை விரலால் தடவிக்கொண்டே நின்றார். குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"இது எப்ப வெட்டினது மச்சாள்?"

"நீங்கள் அத்திவாரம் போட்டிட்டியள் எண்டு கேள்விப்பட்ட உடன" என்றார் மாமி. "வந்து சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

அம்மா செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தார். மாமி வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். "காணும் அழுதது. சோத்தைப் போடும், எனக்குப் பசியில கண் இருளுது" என்று சொல்லிக்கொண்டு நேரே குசினிக்குள் போனார்.